பில் வந்து சேர்ந்த வீடு

போன மாதம் திவ்யா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த பெண். இப்போது அந்தப் பிரிவுக்கே அவள்தான் மேலாளர்.

"ஆன்ட்டி, கேன்சல் டெஸ்க்கை மூடப் போறாங்க. இனிமே கஸ்டமர் சாட்ல டைப் பண்ணா கம்ப்யூட்டரே பதில் சொல்லிடும். மூடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு நாள் வந்து எங்க டீமோட பேசுங்களேன். அந்த இர்விங் கேஸைப் பத்தி சொல்லுங்க."

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. போனில் பேசித்தான் பழக்கம்; அதுவும் எதிர்முனையில் ஒருவர் இருந்தால்தான் வாய் வரும். எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, அந்த ஒரு கேஸை மட்டும் தனியாகச் சொல்ல முடியாது என்று.

நாங்கள் டெக்ஸாஸ் மாநிலத்து ரிச்சர்ட்சனில் குடியேறியபோது என் கணவர் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றில் இன்ஜினியர். இரண்டாயிரத்து ஒன்றில் அந்தத் துறையே சரிந்தது. ஃப்ரீவேயின் இரு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள் அப்படியே நின்றன, கார் நிறுத்தும் இடங்கள் மட்டும் காலியாகிக்கொண்டே வந்தன. அவருக்கும் வேலை போயிற்று. அதுவரை வீட்டில் இருந்து இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த நான் வேலை தேடினேன். பிராட்பேண்ட் வழியாக வீட்டு போன் கொடுக்கும் ஒரு சிறிய கம்பெனி எடுத்துக்கொண்டது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. அதை இன்டர்நெட் இணைப்பில் செருகி, பெட்டியில் சாதாரண போனைச் செருகினால் பேசலாம். அந்த நாளில் அது புதுசு. பயிற்சி சில வாரங்கள். அதில் கற்றது பெரும்பாலும் மறந்துவிட்டது.

என்னைப் போட்ட இடம் கேன்சல் டெஸ்க். 'போன் வேண்டாம்' என்று சொல்லக் கூப்பிடுபவரை விடாமல் பிடித்து வைப்பதுதான் வேலை. அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் காரணம் கேட்க வேண்டும். பிறகு, சில மாதங்கள் இலவசமாகத் தருகிறோம் என்று சொல்ல வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், ஒப்பந்தம் முடியும் முன் விலகினால் கட்ட வேண்டிய கட்டணத்தை நினைவுபடுத்த வேண்டும். அதன் பிறகும் வேண்டாம் என்றால்தான் இணைப்பை வெட்டலாம்.

எங்கள் சூப்பர்வைசர் கரோல். மேற்கு டெக்ஸாஸ்காரப் பெண்மணி, அறுபதை நெருங்கியவர். பழைய டெலிபோன் கம்பெனியில் ஆபரேட்டராகச் சேர்ந்து, ஓய்வு பெற்று, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் எங்களிடம் வந்தவர். குரலை உயர்த்த மாட்டார். எங்கள் பேச்சை இரண்டாவது ஹெட்செட்டில் கேட்டுவிட்டு, பென்சிலால் ஒரே ஒரு வார்த்தையை எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போவார். பெரும்பாலும் அந்த வார்த்தை 'நிறுத்து' என்பதாக இருக்கும். நீ பேசுவதை நிறுத்தி அவர்கள் சொல்வதைக் கேள் என்று பொருள்.

'எனக்குப் புரிகிறது' என்று வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். கம்பெனி எழுதிக் கொடுத்த வசனத்தில் அந்த வரி இருந்தது. அதை அடித்துவிடச் சொன்னார்.

"உனக்கு என்ன புரிந்தது வசந்தா? ஒன்றும் புரியவில்லை. அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்."

பில்லைப் படிக்கக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். ஒரு பில்லை மேசையில் விரித்து, மொத்தத் தொகையின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொள்வார். மொத்தத்தைப் பார்த்தால் மனுஷனுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் மற்றது எதுவும் காதில் விழாது என்பார். பிறகு ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் கேட்பார்: இது என்ன, யாருக்குப் போகிறது, கட்டாமல் இருக்க முடியுமா?

மேலே இருப்பது விளம்பரத்தில் காட்டும் மாதக் கட்டணம். கீழே வருவது மத்திய, மாநில வரிகள். அதை வசூலித்து அரசுக்குக் கொடுப்பது மட்டுமே எங்கள் வேலை. இரண்டுக்கும் நடுவே இன்னொரு கட்டணம் உண்டு. 'ஒழுங்குமுறை' என்று தொடங்கும் நீளமான பெயர், பார்த்தால் அரசு வரி மாதிரியே இருக்கும். அது வரி இல்லை. கம்பெனி தன் செலவுக்காகத் தானே போட்டுக்கொண்டது. கேட்டால் அரசு சம்பந்தப்பட்டது என்று மழுப்பும்படி வசனத்தில் எழுதியிருந்தார்கள். கரோல் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "வரியா என்று கேட்டால், இல்லை என்று சொல். அவர்கள் காசு. தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுடையது."

இன்னொன்றும் சொல்லச் சொல்வார். பில்லில் ஒரு வரி தவறு என்று பட்டால் அதை எழுத்தில் தெரிவியுங்கள், பேசியவரின் பெயரையும் புகார் எண்ணையும் வாங்கி வையுங்கள், நாங்கள் தீர்த்து வைக்காவிட்டால் அரசு ஆணையத்திடம் போங்கள் என்று. எங்கள் மேலேயே புகார் கொடுக்க நாங்களே வழி சொன்னோம். அப்படிச் சொல்லிக் கொடுத்த மேலதிகாரியை அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியிலும் நான் பார்க்கவில்லை.

அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-க்கு என்று அந்த பில்லில் ஒரு கட்டணம் இருந்தது. அது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: ஆபத்து நேரத்தில் உங்கள் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வருவதற்கு. அதைக் குறைக்க முடியாது. அதைக் கேட்ட பிறகு அந்தக் கட்டணத்தைப் பற்றி யாரும் வாதாடியதில்லை.

இனி அந்தக் கேஸ்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். திரையில் ஹபீப் என்று பெயர் வந்தது, பேசியது ஒரு பெண். இந்த போனை கேன்சல் செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கணக்கை மூடுவதென்றால் அது யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும் என்பது விதி. அவரிடம் பேச முடியுமா என்று கேட்டேன்.

"ஹி இஸ் நோ மோர்."

அந்த நான்கு வார்த்தைகளை அப்படிச் சேர்த்துச் சொல்பவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். விதிப்படி ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். நான் கேட்டுவிட்டேன்.

"நீங்க தமிழாம்மா?"

"ஆமாக்கா. இளையான்குடி. பேரு ஜமீலா."

இறப்புச் சான்றிதழின் நகல் ஒன்று வேண்டும், அது வந்ததும் இணைப்பை எடுத்துவிடுவோம் என்று மெதுவாகச் சொன்னேன்.

"எல்லாம் அனுப்புறேன்க்கா. ஆனா இன்னைக்கே இந்த போன் போயிடணும். இந்தப் பெட்டி என் வீட்ல இருக்கக் கூடாது."

"ஏன்மா?"

முறைப்படி கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான். அன்றைக்கு அது முறைக்காகக் கேட்டதில்லை.

ஜமீலாவும் ஹபீபும் நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவேயில் இருந்தவர்கள். ஹபீப் சாஃப்ட்வேர் கான்ட்ராக்டில் இருந்தார். புது பிராஜெக்ட் இங்கே டெக்ஸாஸில், இர்விங்கின் லாஸ் கொலினாஸ் பகுதியில் என்றதும் ஏழு வயது மகள் சஃபியாவோடு இர்விங்கில் ஓர் அபார்ட்மென்டுக்கு மாறினார்கள். வரும்போது எங்கள் பெட்டியைத் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து இங்கே செருகினார்கள். அதே நம்பர் வேலை செய்தது. ஊரில் இருப்பவர்களுக்குப் புது நம்பர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'வீடு மாறினாலும் நம்பர் மாறாது' என்பதுதான் எங்கள் விளம்பரமே.

ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, புதுப் புத்தக அலமாரி ஒன்றின் பலகைகளைப் பொருத்திக்கொண்டிருந்த ஹபீப் அப்படியே சரிந்தார். ஜமீலா அவரைத் தூக்கிப் பிடிக்க, சஃபியா ஓடிப்போய் 911-ஐ அழுத்தினாள்.

"ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்கக்கா. பேச முடியலைன்னாகூட பரவால்ல, டயல் பண்ணா போதும், அவங்களுக்கே வீடு தெரியும்னு. அவ ரொம்ப அழகா பேசினா. அத்தா விழுந்துட்டாங்க, எழுந்திரிக்கல, சீக்கிரம் வாங்கன்னு. வந்துட்டே இருக்கோம்னு அவங்க சொல்லவும் வச்சுட்டு என்கிட்ட ஓடி வந்தா. கம்மிங் கம்மிங்குறா. நானும் வர்றாங்க வர்றாங்கன்னு அவர் நெஞ்சை அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

ஜமீலா சொல்லிக்கொண்டே போனார்.

"அப்புறம் போன் அடிச்சுச்சு. 911-லேருந்து ஒரு அம்மா. எங்க ஆளுங்க உங்க வாசல்ல நிக்கிறாங்க, கதவைத் திறங்கன்னாங்க. ஓடிப்போய்த் திறந்தேன். யாருமே இல்லைக்கா. காரிடார் காலியா கிடக்கு. திறந்துட்டேன், திறந்துட்டேன்னு கத்துறேன். அந்தப் பக்கம் ரேடியோல யாரோ 'நோ ஆன்சர், நோ ஆன்சர்'னு சொல்றது கேக்குது. அப்பதான் அந்தம்மா கேட்டாங்க, நீங்க பிஸ்கட்டவேல தானே இருக்கீங்கன்னு."

ஆம்புலன்ஸ் பிஸ்கட்டவேயில் அவர்களுடைய பழைய வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

வீட்டில் இருந்த ஒரே செல்போன் ஹபீபுடையது, அதைக் காரிலேயே வைத்துவிட்டிருந்தார். ஜமீலா எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த வீட்டுக்காரர் தன் போனில் கூப்பிட்ட பிறகு இர்விங் ஆம்புலன்ஸ் வந்தது. நிலையம் பக்கத்துத் தெருவில்தான் இருந்ததாம். ஹபீப் மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை. முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஜமீலா டாக்டரிடம் கேட்டிருக்கிறார். சொல்ல முடியாது என்றாராம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்க்கா. பில் மட்டும் கரெக்டா இந்த வீட்டுக்கு வருதே? நான்தானே கூப்பிட்டு அட்ரஸ் சேஞ்ச் பண்ணேன். பில்லுக்கு இந்த வீடு தெரியுது. ஆம்புலன்ஸுக்குத் தெரியலையா?"

திரையில் பார்த்தேன். பில் அனுப்பும் முகவரி இர்விங். எங்கள் டெஸ்க்கில் யாரும் திறக்காத வேறொரு பக்கத்தில் 911 முகவரி என்று தனியாக ஒன்று இருந்தது. இந்த நம்பரிலிருந்து 911-ஐ அழைத்தால் அவர்கள் திரையில் தெரிவது அதுதான். அதில் பிஸ்கட்டவே. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. ஜமீலா கூப்பிட்ட அன்று அவரிடம் பேசியவருக்கும் அது தெரிந்திருக்காது. எனக்கும் அந்த நிமிடம் வரை தெரியாது.

"பில்லுல 911-னு ஒரு லைன் இருக்கே, மாசா மாசம் கட்டினோமே, அது எதுக்குக்கா?"

எத்தனையோ பேருக்குச் சொன்ன அந்த பதிலை இவரிடம் சொல்ல முடியாது. நிமிர்ந்து பார்த்தேன். கரோல் இரண்டாவது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு என் பின்னால் நின்றிருந்தார். தமிழ் தெரியாதவர். ஆனால் 911, பிஸ்கட்டவே, ஆம்புலன்ஸ் என்ற வார்த்தைகள் போதுமாக இருந்தன போலிருக்கிறது. இந்த முறை மேசையில் எதையும் எழுதி வைக்கவில்லை.

"ஜமீலா, போனை இப்பவே கட் பண்றேன். எந்த ஃபீஸும் கிடையாது. சர்டிபிகேட் மெதுவா அனுப்புங்க. இது எப்படி ஆச்சுன்னு கேட்டு, நானே உங்களைக் கூப்பிட்டுச் சொல்றேன். பக்கத்து வீட்டு நம்பர் ஒண்ணு குடுங்க."

"எனக்குக் காசு ஒண்ணும் வேணாம்க்கா. சஃபியா பேசவே மாட்டேங்குறா. தான் நம்பரைத் தப்பா அமுக்கிட்டோம்னு நினைச்சுக்கிட்டிருக்கா. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா."

நடந்ததை கரோலிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டார். குழந்தை என்ன சொன்னாள், எந்தக் கதவு, கூப்பிட்டுப் பேசியவர் என்ன கேட்டார். கடைசியில், "இரண்டு முகவரியும் வேறு வேறாக இருப்பவர்கள் இன்னும் எத்தனை பேர்?" என்றார். கேட்ட கையோடு கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போனார்.

அவர் கொண்டுவந்த பட்டியல் தடிமனாக இருந்தது. ஒவ்வொரு பெயரும் இடம் மாறிய ஒரு குடும்பம்.

மறுநாள் மேல்மாடியில் கூட்டம். வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசியவள் என்று என்னையும் கூட்டிப் போனார் கரோல். கம்பெனி வக்கீல் நிதானமானவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தில் இது எழுதியிருக்கிறது, முகவரியைப் புதுப்பிப்பது வாடிக்கையாளர் பொறுப்பு, நாமே கூப்பிட்டுச் சொன்னால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும், அடுத்த மாத பில்லோடு ஒரு தாள் வைத்து அனுப்புவோம் என்றார்.

"ஐயா, பில்லில் எந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு ஜனங்கள் நாள் முழுக்க எங்களைக் கூப்பிடுகிறார்கள்" என்றார் கரோல். "அந்த பில்லுக்குள் இன்னொரு தாளைச் செருகினால் படித்துவிடுவார்களா?"

"முடிவு வரும்வரை காத்திருங்கள்."

"அதுவரை ஒருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் வராது என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள், காத்திருக்கிறேன்."

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கீழே வந்ததும் கரோல் எங்கள் எல்லாரையும் நிறுத்தி, அழைப்புகளை எடுக்கப் பாதிப் பேர் போதும், மீதிப் பேர் இந்தப் பட்டியலைக் கூப்பிடுங்கள் என்றார். "இது என் உத்தரவு. யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்."

அந்த வாரங்களைப் போல நான் வேலை பார்த்ததில்லை. பல பேர் எதையோ விற்கக் கூப்பிடுகிறோம் என்று நினைத்து போனை வைத்துவிட்டார்கள். திரும்பக் கூப்பிட்டோம். கலிஃபோர்னியாவிலிருந்து ரிச்சர்ட்சனில் உள்ள பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த ஒரு மாணவன், "பெட்டி எங்க இருக்குன்னு அதுக்கே தெரியும்னுல்ல நினைச்சேன்" என்றான். வயதான ஒருவர், மனைவிக்கு ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோம் என்றார். அவருடைய 911 முகவரி அவர்கள் விற்றுவிட்டு வந்த வீடு. புது முகவரி பதிவாகிவிட்டது என்று திரையில் வரும்வரை அவர் போனை வைக்க விடவில்லை. நானும் வைக்க நினைக்கவில்லை.

பின்னால் அரசே உத்தரவு போட்டது. இன்டர்நெட் போன் கொடுக்கும் எல்லாக் கம்பெனிகளும், 911 எப்படி வேலை செய்யும், எப்போது செய்யாது என்று வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லி, சொன்னதற்கு ஒப்புதலும் வாங்க வேண்டும். போனில் ஒட்ட எச்சரிக்கைச் சீட்டும் தர வேண்டும். பல ஊர்களில் பல குடும்பங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த உத்தரவு அது. அது வந்தபோது எங்கள் பட்டியலில் கூப்பிட வேண்டியவர் ஒருவரும் மிச்சமில்லை. அந்த உத்தரவைப் பார்க்க கரோலும் அங்கே இல்லை. பட்டியல் முடிந்த சில நாளில் அவர் மேசை காலியாக இருந்தது. ஓய்வு பெற்றார் என்று ஒரு மெயில் வந்தது. கேக்கும் வெட்டவில்லை, விடைகொடுக்கும் கூட்டமும் நடக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் என் வீட்டுக்கு போன் வந்தது. கரோல்தான்.

"அந்தக் குழந்தை பேசுகிறாளா?"

நான் சொன்னபடி ஜமீலாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அதன் பிறகும் அவ்வப்போது பேசிக்கொண்டிருந்தோம். இப்போது வீட்டில் சுவரில் செருகும் சாதாரண லேண்ட்லைன் இருந்தது. சஃபியா அதைத் தொடுவதில்லை. மணி அடித்தால் உள் அறைக்குப் போய்விடுகிறாள். அதைச் சொன்னேன்.

"சனிக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போவோம். ஜமீலா சம்மதிப்பாரா, கேள்" என்றார்.

ஜமீலா இத்தாவில் இருந்தார். கணவர் இறந்த பின் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் காலம். நாங்கள் இருவரும் பெண்கள் என்பதால், வாங்க என்று உள்ளே அழைத்தார். போனில் கேட்ட குரலைவிட ரொம்பச் சின்னப் பெண். முப்பது கூட இருக்காது. பாதி பொருத்திய அலமாரி இன்னும் சுவரோரம் நின்றது.

சஃபியா சோபாவின் மூலையில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். கரோல் அவள் முன்னால் கார்பெட்டில் உட்கார்ந்தார்.

"நீ அழுத்திய நம்பர் சரி. ரெக்கார்டை நானே பார்த்தேன். ஒன்பது, ஒன்று, ஒன்று. ஒரு தப்பும் இல்லை."

"அப்போ அவங்க ஏன் வரல?" ஆங்கிலத்தில்தான் கேட்டாள், காதில் விழாத அளவு மெல்ல.

"வந்தார்கள். ரொம்ப வேகமாக வந்தார்கள். நீங்கள் பழைய வீட்டில் இருக்கிறீர்கள் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தது நான் வேலை பார்த்த கம்பெனி. தப்பு எங்களுடையது. உன்னுடையது இல்லை, உன் அம்மாவுடையதும் இல்லை."

மேல்மாடிக் கூட்டத்தில், வெளியே சொல்லக் கூடாது என்று வக்கீல் தடுத்த வார்த்தை அது. நான் ஜமீலாவுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். "புரிஞ்சுதுக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

கரோல் முன்கூட்டியே இர்விங் காவல்துறையின் சாதாரண எண்ணில் பேசி, சோதனைக்காக ஒருமுறை 911-ஐ அழைக்க அனுமதி வாங்கி வைத்திருந்தார். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, சஃபியாவின் பக்கம் நகர்த்தினார். சஃபியா அம்மாவைப் பார்த்தாள். ஜமீலா தலையசைத்தார். குழந்தை ஒவ்வொரு எண்ணாக, விரலை எடுத்து எடுத்து அழுத்தினாள்.

ஒரு பெண் குரல் எடுத்தது. இது சொல்லி வைத்த சோதனை அழைப்பு, உங்கள் திரையில் தெரியும் முகவரியை மட்டும் படியுங்கள் என்றார் கரோல். அந்தக் குரல் படித்தது. தெருவின் பெயர், கட்டட எண், அபார்ட்மென்ட் எண், இர்விங், டெக்ஸாஸ்.

சஃபியா எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து, வெளிப்பக்கம் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்றீங்களா?"

அந்தக் குரல் இன்னும் நிதானமாக இன்னொரு தடவை படித்தது. வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டது. கரோல் வாய் திறக்கும் முன் சஃபியா போனுக்கு அருகில் குனிந்தாள்.

"நாங்க இப்ப இங்கதான் இருக்கோம்."

"தெரியும் கண்ணு" என்றது அந்தக் குரல். "எனக்கு இங்கே நல்லாத் தெரியுது."